நந்தின் மூன்றாம் அறிவு

நீர் வற்றும் நேரத்து விடியலில் கடற்கரையில் நடப்பவருக்கு அங்கே எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஈர மணல் பளபளக்கும். அலை நாக்கை நீட்டிவிட்டுப் பின்வாங்கும். ஒரு காகம், இரண்டு நண்டு வளை, அறுந்த வலைத்துண்டு ஒன்று. வெறும் மணல் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டு அவர் கடலின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொள்வார்.

சற்றுக் குனிந்து பார்க்கிறவருக்கு வேறொன்று தெரியும். கலப்பைக் கொழு கிழித்தாற்போல மெல்லிய சால் ஒன்று ஈர மணலில் வளைந்து வளைந்து போகும். அது முடிகிற இடத்தில் புளியங்கொட்டையளவு ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டை விரலால் விலக்கினால் கூம்பிய ஓடுடைய நத்தையொன்று உள்ளே இருக்கும். வெளிச்சம் பட்டதும் அகன்ற வெள்ளைப் பாதத்தை அசைத்து மீண்டும் மணலுக்குள் இறங்கிவிடும். விலங்கியலார் இதைப் புல்லியா என்னும் பேரினத்தில் வைக்கிறார்கள். தென்னாப்பிரிக்கக் கரைகளில் இதன் உறவினங்களுக்கு ‘உழவு நத்தை’ என்று பெயர். பெயர் இட்டவர் அந்தச் சாலைப் பார்த்தே இட்டிருக்க வேண்டும்.

உயிர்களை அவற்றின் அறிவை எண்ணி வரிசைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு ஒன்றைத் தருகிறது. நந்துக்கும் முரளுக்கும் அதனோடு சுவையைச் சேர்த்து இரண்டு அறிவு. மூக்கின் அறிவு மூன்றாம் படி. அது சிதலுக்கும் எறும்புக்கும் உரியது. கண்ணின் அறிவு நான்காம் படி. அங்கே நண்டும் தும்பியும் இடம்பெறுகின்றன. நந்து என்பது நத்தையையும் சங்கையும் குறிக்கும். முரள் இப்பி வகை. நந்தின் கிளைகளாகச் சங்கு, நத்தை, அலகு, நொள்ளை என்று உரைகாரர் அடுக்குவர். நொள்ளை என்னும் சொல்லுக்குப் பார்வையற்றது என்ற பொருளும் உண்டு.

கண்ணைப் பொறுத்தவரை அந்த வரிசை புல்லியாவுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. நன்கு ஆராயப்பட்ட தென்னாப்பிரிக்க இனங்களுக்குக் கண் இல்லை. மூக்கின் இடத்தில்தான் கணக்கு தவறுகிறது. மண்ணுக்குள் புதைந்தபடி, நீர்க்குழலை மட்டும் மேலே நீட்டி, கடல்நீரில் கரைந்து வரும் வாசனையை இழுத்து, அதன் வழியே உலகை அறிகிற உயிர் இது. அழுகும் மீனின் நாற்றத்தைத் தருகிற டிரைமெத்தில் அமீன் என்னும் வேதிப்பொருள் மிகமிகச் சிறிய அளவில் நீரில் கலந்தாலும் உழவு நத்தை விழித்துக்கொள்கிறது. நந்துக்கு மூன்றாம் அறிவு உண்டு. சொல்லப்போனால் அதன் வாழ்க்கை முழுவதும் அந்த மூன்றாம் அறிவின்மேல்தான் நிற்கிறது.

ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மரபைத் திருத்திக் காட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை. கையில் எடுத்தால் ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும் உயிருக்கு மூக்கு இருப்பதை எவரும் எளிதில் கண்டுகொள்ள முடியாது. எண்ணிப் பார்க்கத் தக்கது வேறு. ஓர் உயிரிடம் என்ன இருக்கிறது என்பது கணக்கில் ஏறாதபோது, அந்த உயிரிடமிருந்து என்ன பறிக்கப்படுகிறது என்பதும் கணக்கில் ஏறுவதில்லை. கடற்கரை நத்தைகளுக்கு இன்று நேர்ந்துகொண்டிருப்பது அதுதான்.

இந்தியக் கரைகளில் வாழும் புல்லியா இனங்களுள் ஒன்றின் அறிவியல் பெயர் புல்லியா ட்ராங்குபாரிக்கா. ட்ராங்குபார் என்பது தரங்கம்பாடியை ஐரோப்பியர் உச்சரித்த விதம். 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த அந்தத் துறையிலிருந்து கிளிஞ்சல்களும் சங்குகளும் கப்பலேறி ஐரோப்பியச் செல்வர்களின் கண்ணாடிப் பேழைகளுக்குப் போயின. ஹாம்பர்க் நகர மருத்துவர் போல்ட்டன் இறந்தபின் அவருடைய சேகரிப்பை விற்பதற்காக ரோடிங் என்பவர் தொகுத்து 1798இல் வெளியிட்ட பட்டியலில்தான் இந்த இனம் தன் பெயரைப் பெற்றது. தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் குடியிருப்பு. அலையில் ஏறி வாழும் ஒரு நத்தைக்கு அலையூரின் பெயர் வாய்த்தது தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பெயர் வந்த வழி மறக்கத்தக்கதன்று. விற்பனைக்குரிய ஓடாகத்தான் அது முதலில் எண்ணப்பட்டது. ஓட்டுக்குள் இருந்த உயிர் அந்தப் பட்டியலில் இல்லை.

அலையில் ஏறி வாழ்வது என்பது அணிக்காகச் சொன்னதன்று. நீர் ஏறத் தொடங்கியதும் உழவு நத்தை மணலிலிருந்து வெளிப்படுகிறது. பாதத்துக்குள் நீரை நிரப்பிப் பாய்போல விரிக்கிறது. கரையேறும் அலை அந்தப் பாயைப் பற்றித் தூக்கிக்கொண்டுபோய் மேட்டில் விடுகிறது. ஊர்ந்து கடந்தால் நெடுநேரம் பிடிக்கும் தொலைவை ஓர் அலையில் கடந்துவிடும். அங்கே ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனோ செத்த நண்டோ கரைவலைக்காரர் உதறிவிட்டுப்போன பொடிமீனோ அதன் இரை. சற்று நேரத்தில் ஒன்று பத்தாகும், பத்து முப்பதாகும். நீண்ட உறிஞ்சுகுழாயை இரைக்குள் செலுத்தி விரைவாக உண்டுவிட்டு, காகமும் நண்டும் வருமுன் மீண்டும் மணலுக்குள் மறையும். நீர் இறங்கும்போது அலையோடு அதுவும் இறங்கும்.

இரை எப்போது வரும் என்பது கடலின் விருப்பம். எத்தனையோ நாள் ஒன்றும் ஒதுங்காமல் போகும். அந்த நாட்களுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. புல்லியா டிஜிட்டாலிஸ் என்னும் தென்னாப்பிரிக்க இனத்தின் ஓட்டுக்குள் ஒருவகைப் பச்சைப்பாசி துளைத்து வளர்கிறது. நத்தை தன் நீண்ட குழாயைப் பின்னால் வளைத்து, ஓட்டின்மேல் வளர்ந்த பாசியைச் சுரண்டி உண்பதை 1980களில் கேப் டவுன் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பிணம் தின்னி என்று பெயரெடுத்த உயிர், கூரைமேல் கீரைத்தோட்டம் வைத்திருக்கிறது.

இதன் அண்டை வீட்டாரும் இப்படிப்பட்டவர்கள்தாம். அம்போனியம் என்னும் பொத்தான் நத்தை சட்டைப் பொத்தானைவிடப் பெரியதன்று. சாம்பல், இளஞ்சிவப்பு, மஞ்சள், பழுப்பு என்று ஒன்றின் கோலம் மற்றொன்றில் இராது. மணலில் புதைந்தபடி நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்துகளை உண்கிறது. அதை வேட்டையாடும் நாட்டிக்கா நத்தையோ வழவழப்பான உருண்டை ஓடுடையது. இரையைப் பாதத்தால் சுற்றி அணைத்து, ஓட்டில் ஒரு துளையிட்டு உள்ளிருக்கும் சதையை உண்ணும். கரையில் பொறுக்கும் சிப்பிகளில் தச்சன் துளையிட்டாற்போல வட்டமான ஓட்டை காணப்படுவது இதன் வேலை. சிறுமிகள் அந்த ஓட்டையில் நூல் கோத்து மாலை ஆக்குகிறார்கள்.

நாட்டிக்கா தன் முட்டைகளை மணலையும் கோழையையும் குழைத்து, சட்டைக் கழுத்துப்பட்டி போன்ற வளையமாகச் செய்து அதற்குள் இடுகிறது. உடைந்த பானையின் விளிம்பு போலவோ கிழிந்த ரப்பர் போலவோ இருக்கும் அதைக் குப்பை என்று நினைத்துப் பொறுக்கிப் பைக்குள் போடுகிறவர்கள் உண்டு. கரையைத் தூய்மை செய்ய வந்த நல்ல மனத்தினர் அவர்கள். அந்தப் பைக்குள் ஒரு தலைமுறை போகிறது.

நத்தை இறந்தபின்னும் அதன் ஓடு வேலை செய்துகொண்டிருக்கும். துறவி நண்டு அதில் குடியேறும். வளர வளர அடுத்த ஓட்டைத் தேடும். யாருக்கும் பயன்படாத ஓடு நொறுங்கிச் சுண்ணாம்பாகி மணலோடு மணலாகும். கரையின் ஒரு பகுதி இப்படிப் பழைய வீடுகளால் ஆனது.

இந்த உயிர்கள் மெலிந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. கேரளத்தில் சேர்த்தலை, கொச்சிக் கரைகளில் நடந்து 1970களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகள் மணற்கரையின் ஆண்டுச் சுழற்சியைப் பதிவு செய்திருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்துக் கரையை அரிக்கிறது. மணலில் வாழும் உயிர்களின் தொகை வீழ்கிறது. மழை ஓய்ந்தபின் மணல் திரும்புகிறது, உயிர்களும் திரும்புகின்றன. ஆண்டுதோறும் வீடு இழந்து, ஆண்டுதோறும் வீடு கட்டிக்கொள்ளும் குடிகள் அவை. புயலுக்கும் பெருமழைக்கும் பழகிய உயிர்களை அழிக்க இயற்கையின் சீற்றம் போதாது. மணல் திரும்பாமல் போக வேண்டும்.

மணல் திரும்பாமல் போவதற்கான ஏற்பாடுகளைத்தான் நூறாண்டுக்கும் மேலாக மனிதர் செய்துவருகின்றனர். கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகப் பயணம் செய்கிறது. அதன் குறுக்கே துறைமுகத்தின் கற்கை ஒன்று நீண்டால், தெற்கே மணல் குவியும். வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் கரைந்ததும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புகள் எழுந்தபின் நகரின் மணற்கரை மறைந்து, கருங்கல் மட்டும் எஞ்சியது. ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைகள் கடலுக்கு வரவேண்டிய மணலைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டன. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான காலத்தை ஆராய்ந்தபோது, இந்தியப் பெருநிலத்தின் கடற்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருந்தது.

அரிப்பு வந்ததும் மனிதர் கேட்பது தடுப்புச் சுவர். கடலோரத்தில் குடியிருப்பவரின் அந்தக் கோரிக்கையை எவரும் எள்ளி நகையாட முடியாது. அலை வந்து மோதுவது அவர்களுடைய வாசற்படியில். ஆனால் கல் கொட்டப்பட்ட இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடல்மட்டம் உயர்கையில் இயல்பான கரை மெல்லப் பின்வாங்கும். நீர் ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் சேர்ந்து நிலப்பக்கம் நகரும். பின்னால் சுவர் நின்றால் அந்த நகர்வுக்கு வழியில்லை. முன்னால் கடல், பின்னால் கல். இடைப்பட்ட ஈர மணல் ஆண்டுக்கு ஆண்டு குறுகி, ஒருநாள் இல்லாமலே போகும். நத்தையின் முகவரி அந்த ஈர மணல் மட்டுமே. சுவருக்கு மேலே ஏறவும் அதற்குத் தெரியாது. ஆழ்கடலுக்குப் பெயரவும் முடியாது.

வேறு கடல் உயிர்களில் பலவற்றின் குஞ்சுகள் நீரில் மிதந்து, தொலைவில் புதுக்கரை தேடிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் ஆராயப்பட்ட உழவு நத்தைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போதே அவை சிறு நத்தைகளாக ஊரத் தொடங்குகின்றன. ஒரு கரையிலிருந்து அற்றுப்போனால், பக்கத்துக் கரையிலிருந்து மெல்ல மெல்லத்தான் வந்து சேர வேண்டும். பக்கத்துக் கரையும் கல்லாகிவிட்டால் வருவதற்கு எவருமில்லை.

மணலையே எடுத்துச் செல்வது இரண்டாவது அழிவு. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும் கரைமணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்திருப்பது நூறாண்டுக்கு மேலாக அறிந்த செய்தி. தாது மணலுக்காகக் கரை தோண்டப்படும் இடத்தில் மணலோடு அதன் குடிகளும் போகின்றனர். தமிழ்நாட்டில் கார்னெட் முதலிய தாது மணல் எடுப்புக்கு 2013இல் அரசு தடை விதித்தபோது, எடுத்துச் செல்லப்பட்ட தாது எத்தனை டன் என்பதே வழக்காகவும் விவாதமாகவும் நின்றது. உடன் போன உயிர்களுக்கு எடைச்சீட்டு இல்லை.

மூன்றாவது அழிவு அழகின் பெயரால் வருகிறது. சுற்றுலாக் கரைகளில் விடியுமுன் இயந்திரம் ஓடி மணலைச் சல்லடையிட்டுச் சலிக்கிறது. பிளாஸ்டிக்கோடு கடற்பாசியும் சொறிமீனும் செத்த மீனும் அள்ளப்படுகின்றன. நடப்பவர் முகம் சுளிக்கும் அந்த நாற்றம் மணலுக்கடியில் இருக்கும் உயிருக்குச் சோற்று மணம். அதைத் துடைத்தெடுத்த கரையில் நத்தையின் மூன்றாம் அறிவுக்கு எட்ட ஒன்றும் இராது. 2020இல் இந்தியாவின் எட்டுக் கடற்கரைகள் நீலக்கொடிச் சான்று பெற்றன. அந்தச் சான்றின் விதிகளிலேயே கடற்பாசியையும் இயற்கையாக ஒதுங்குபவற்றையும் கரையிலேயே விட்டுவைக்க வேண்டும் என்ற விதி உண்டு. தூய்மை என்றால் மனிதர் போட்டதை எடுப்பது என்று அந்த விதிக்குத் தெரிந்திருக்கிறது. துடைப்பத்துக்கும் அது தெரிய வேண்டும்.

இன்னும் உண்டு. வண்டி ஓட்டுவதற்கென்றே பெயர்பெற்ற கரைகள் இருக்கின்றன; கண்ணூர் அருகே முழப்பிலங்காட்டில் கார்கள் ஈர மணலில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. தென்னாப்பிரிக்காவோ 2001 டிசம்பரில் விதிகள் இயற்றிப் பொழுதுபோக்குக்காகக் கரையில் வண்டி ஓட்டுவதை நிறுத்தியது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியபின், துவரம்பருப்பளவு பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கரையில் ஒதுங்கின. மணலிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கத் தன்னார்வலர்கள் முறத்தோடும் சல்லடையோடும் உட்கார்ந்தார்கள். கப்பலின் அடிப்பாகத்தில் பூசப்பட்ட டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணம் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்கச் செய்து, சில இனங்களில் முட்டையிடவே முடியாமல் ஆக்கியது. மர்மகோவாத் துறைமுகத்தை ஒட்டிய பாறை நத்தைகளில் இது 1990களின் இறுதியில் பதிவானது. அந்த வண்ணத்துக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. நத்தையின் உடலில் தெரிந்த மாற்றம் உலகச் சட்டமொன்றை அசைத்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 24 மெல்லுடலிகள் சேர்க்கப்பட்டன. ட்ரைட்டன் சங்கு, நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி என்று வணிகத்தில் விலை போகும் அழகிய ஓடுகள் அவற்றுள் இருந்தன. அது தேவையான பட்டியல். ஆனால் ஹாம்பர்க் பட்டியலைப் போலவே அதுவும் ஓட்டின் மதிப்பிலிருந்து தொடங்குகிறது. எவரும் வாங்காத, எவரும் விற்காத உழவு நத்தையைப் பட்டியலில் சேர்த்தாலும் பயன் சிறிதே. அதைப் பிடித்துக்கொண்டு போகிறவர் எவருமில்லை; அதன் காலடியில் இருக்கும் மணல்தான் போகிறது.

மணலுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நீர் ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பெயர்சொல்லிக் குறித்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கையில் அந்த இடைநிலம் ஒன்று-பி என்னும் வகையில் வருகிறது. அதே அறிவிக்கை அந்த இடத்திலேயே துறைமுகத்துக்கும் அலைத்தடுப்புக்கும் அரிப்புத் தடுப்புக்கும் அனுமதி பெறும் வழியையும் திறந்து வைக்கிறது. ஊருக்குள் வழங்கும் புறம்போக்கு என்னும் சொல் இங்கே நினைவுக்கு வரும். வரிக்கணக்குக்குப் புறத்தே, ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலத்தைக் குறித்த சொல் அது. இன்று அது வசைச்சொல். கணக்குக்கு வெளியே இருப்பது எவருக்கும் உரியதன்று, ஆகவே எவரும் எடுக்கலாம் என்று பொருள் திரிந்துவிட்டது. வெறும் மணல் என்ற சொல்லிலும் அதே திரிபு இருக்கிறது.

திருத்த முடியாத நிலை இன்னும் வந்துவிடவில்லை. புதுச்சேரியில் 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து, துறைமுகத்தில் தேங்கிய மணலையும் கரைக்குத் திருப்பியபின், தொலைந்த மணற்கரையின் ஒரு பகுதி மீண்டும் எழுந்தது. மறைந்த மணல் வழி விட்டால் வரும் என்பதற்கு அது சான்று. சுவர் எழுப்புமுன் அந்த வழியை எண்ணிப் பார்க்கலாம். கரையைத் துப்புரவு செய்கிறவர் நெகிழியை எடுத்துவிட்டுப் பாசியை விடலாம். மணற்கழுத்துப்பட்டி கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே கிடக்க விடலாம். கரையில் திட்டமிடுகிறவர் கேட்கும் முதல் கேள்வி, இங்கே என்ன கட்டலாம் என்பதற்குப் பதிலாக, இங்கே யார் இருக்கிறார்கள் என்பதாக இருக்கலாம்.

நீர் மீண்டும் ஏறத் தொடங்குகிறது. காலையில் நடந்தவரின் காலடித் தடத்தை முதல் அலை நிரப்புகிறது. நத்தை இழுத்த சாலை இரண்டாம் அலை அழிக்கிறது. மணலுக்கடியிலிருந்து வெள்ளைப் பாதம் ஒன்று வெளிப்பட்டு, பாயாக விரிந்து, அலைக்குக் காத்திருக்கிறது. மேட்டில் ஏதோ ஒதுங்கியிருப்பதைக் கண்ணில்லாத அந்த உயிர் அறிந்துவிட்டது.